சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனுக்குள் வைரஸ்: ரிஸ்டோர் பொயின்ட்களை எப்போது, எப்படி அழிப்பது?

ஹட்டன்_பிரின்ட்

வணக்கம். டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் (பிரின்ட், ஃபோட்டோகொப்பி எடுக்கும் கடை) இருக்கும் இரண்டு மெஷின் பற்றிய கேள்வி இது. ஒன்றில் வின்டோஸ் 10, 64 பிட், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சி டிரைவ் 120 ஜிபி, மீதி எல்லாம் டி. மற்றது பழைய வின்டோஸ் 7, 32 பிட், பிரின்டரோடு கோர்த்திருக்கு.

தவணைப் பரீட்சை நெருங்கினால் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் வினாத்தாள்கள் பென் டிரைவில்தான் வரும். போன கிழமை வந்த ஒன்றில் போல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தன. அதைத் திறந்ததில் இருந்து வின்டோஸ் 10 மெஷினில் அதோடு வரும் அன்டிவைரஸான டிஃபென்டர் விடாமல் எச்சரிக்கை காட்டுது. ஃபுல் ஸ்கேன் போட்டதும் கண்டுபிடித்ததில் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. இரண்டு மட்டும் போகவில்லை. அவற்றின் பாதையில் "ஹார்ட்டிஸ்க்வால்யூம்ஷாடோகொப்பி3" என்று இருக்கு. ரிமூவ் அழுத்தினால் முடிந்த மாதிரி காட்டி, அடுத்த ஸ்கேனில் திரும்ப வருது.

வின்டோஸ் 7 மெஷினில் இருக்கும் இலவச அன்டிவைரஸோ சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் போல்டருக்குள் இருப்பதாகச் சொல்லி, அனுமதி இல்லை என்று நிற்குது. ரிஸ்டோர் பொயின்ட்கள் (வின்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப எடுத்து வைக்கும் பதிவுகள்) இருப்பதும் அந்த போல்டரில்தான்.

அந்த போல்டரின் உரிமையை நம் பெயருக்கு மாற்றி, உள்ளே இருப்பதை அப்படியே அழிக்கச் சொல்கிறார்கள். லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணி அழிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா? டி டிரைவில் வினாத்தாள்களும் மரண உதவிச் சங்கக் கணக்குகளும் இருக்கு. ரிஸ்டோர் பொயின்ட்டை அழித்தால் அவை போய்விடுமா? டேட்டா குறைவு, ஜிபி கணக்கில் இறக்கச் சொல்லாதீங்க.

---

கொட்டகலை_சிஸ்டம்

உரிமை மாற்றும் வேலையை விட்டுடுங்க, லினக்ஸையும் விட்டுடுங்க. காரணம் கீழே இருக்கு.

வின்டோஸ் விஸ்டாவில் இருந்து ரிஸ்டோர் பொயின்ட் என்பது கோப்புகளைத் தனித்தனியாகக் கொப்பி எடுத்து வைத்த பெட்டி இல்லை. வால்யூம் ஷாடோ கொப்பி என்ற முறையில் டிரைவின் அந்த நேரத்து நிலை முழுவதும் பதிவாகுது. அதற்குப் பிறகு டிஸ்கில் எந்த இடம் மாற்றி எழுதப்படுதோ, அந்த இடத்தின் பழைய உள்ளடக்கம் மட்டும் 16 கேபி துண்டுகளாக சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனுக்குள் போய்ச் சேரும். உள்ளே பார்த்தால் நீளமான அடைப்புக்குறிப் பெயர் கொண்ட சில பெரிய கோப்புகள் மட்டும் தெரியும். வைரஸ் என்று ஒரு கோப்பைப் பிரித்தெடுத்து அழிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கோப்பை லினக்ஸில் இருந்து அழித்தால் அதை நம்பியிருக்கும் ரிஸ்டோர் பொயின்ட் எல்லாம் உடையும். போல்டரின் அனுமதியை எல்லாருக்கும் திறந்துவிட்டால், இதுவரை சிஸ்டம் கணக்குக்கு மட்டும் இருந்த கதவு வைரஸுக்கும் திறந்ததாகிடும்.

டிஃபென்டர் ரிமூவ் பண்ணியும் அது திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். ஷாடோ கொப்பியை வாசிக்கலாம், அதில் எழுத முடியாது. அன்டிவைரஸ் உள்ளே பார்க்கும், பெயரைச் சொல்லும், கை வைக்க முடியாது.

இன்னொன்றையும் புரிஞ்சுக்கங்க. அங்கே கிடக்கும் வைரஸ் ஓடாது. யாராவது சிஸ்டம் ரிஸ்டோர் போட்டு அந்தத் திகதிக்குத் திரும்பினால்தான், அல்லது முந்தைய பதிப்பு என்று அதில் இருந்து கோப்பை வெளியே எடுத்தால்தான் உயிர் வரும். ஆகவே இதில் அவசரம் இல்லை. அவசரம் உங்கள் சி டிரைவில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதில்தான். முதலில் ஓடுகிற சிஸ்டத்தைச் சுத்தம் பண்ணணும், சுத்தம் என்று உறுதிப்படுத்தணும், அதற்குப் பிறகுதான் ரிஸ்டோர் பொயின்ட். இந்த வரிசையை மாற்றாதீங்க.

வின்டோஸ் 10 மெஷினுக்கு வாறேன். ஷோர்ட்கட் வைரஸ் பெரும்பாலும் ஒரு ஸ்கிரிப்ட்தான். ஆப்டேட்டா ரோமிங் போல்டரில் ஒளிந்துகொண்டு, ஸ்கிரிப்ட்களை ஓட்டும் வின்டோஸ் புரோகிராமான டபிள்யூஸ்கிரிப்ட் வழியாக ஓடும். டாஸ்க் மனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், டபிள்யூஸ்கிரிப்ட் ஓடுதா பாருங்க. ஓடினால் எண்ட் டாஸ்க். பிறகு ஸ்டார்ட்அப் பக்கத்தையும் டாஸ்க் ஷெடியூலரையும் பாருங்க, இரண்டிலும் அதைத் திரும்பக் கிளப்பும் வரி இருக்கலாம். மைக்ரோசொஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவி சில எம்பிதான். தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும், ஒரு கொமியூனிகேஷனில் கட்டாயம் இருக்க வேண்டியது.

அடுத்து டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன், அதாவது வின்டோஸ் திறக்கும் முன்பே ஓடும் ஸ்கேன். வின்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஒப்ஷன்ஸ், அதில் ஒஃப்லைன் ஸ்கேன். தனியாக எதுவும் பெரிதாக இறக்கத் தேவையில்லை. திறந்திருக்கும் வேலையை சேவ் பண்ணிட்டு அழுத்துங்க, மெஷின் உடனே ரீஸ்டார்ட் ஆகும். 15 நிமிடம் அளவில் முடிந்து வின்டோஸுக்குத் திரும்பும். ஸ்கேன் திரையே வராமல் நேராக வின்டோஸ் திறந்தால், ரிகவரி பகுதி ஒஃப் ஆகியிருக்கலாம். அட்மினாகத் திறந்த கொமாண்ட் புரொம்டில் "ரீஏஜென்ட்சி /எனேபிள்" கொடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்க. (இங்கே எழுதும் கட்டளைகள் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடிக்கணும்.)

அது முடிந்ததும் சாதாரண ஃபுல் ஸ்கேன் ஒன்று, டி டிரைவும் சேர்த்து. ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் போகும். மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும் ஊர் நம்முடையது, யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீங்க. கடை மூடும்போது போட்டுவிட்டு, ஸ்லீப்பை நெவர் என்று வைத்துவிட்டுப் போங்க.

இந்த ஃபுல் ஸ்கேனில் ஷாடோ கொப்பி பாதையில் உள்ளவை மட்டும் மிஞ்சினால் ரிஸ்டோர் பொயின்ட்டை அழிக்கும் நேரம் வந்துவிட்டது. சாதாரண பாதையில் ஒன்று இருந்தாலும் இன்னும் நேரம் வரவில்லை.

அழிப்பது சுலபம். ஸ்டார்ட்டில் "கிரியேட் எ ரிஸ்டோர் பொயின்ட்" என்று தேடித் திறங்க. சிஸ்டம் புரொடெக்ஷன் பக்கத்தில் சி டிரைவைத் தெரிவு செய்து கொன்ஃபிகர், கீழே டிலீட், கன்டினியூ. அதே ஜன்னலில் மேக்ஸ் யூசேஜ் எவ்வளவு என்றும் பாருங்க. 120 ஜிபிக்கு 5 வீதம், அதாவது 6 ஜிபி போதும். அடுத்து வெளியே வந்து கிரியேட் அழுத்தி, திகதியைப் பெயராகப் போட்டு, புதிய ரிஸ்டோர் பொயின்ட் ஒன்றை உடனே எடுத்துடுங்க.

டிஸ்க் கிளீன்அப் வழியாக அழிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதில் கடைசியாக எடுத்ததைத் தவிர மற்றவைதான் போகும். உங்கள் பிரச்சினையே அந்தக் கடைசிப் பொயின்ட்டில் இருக்கலாம். ஆகவே அது உதவாது.

வினாத்தாள் பற்றிய பயம் வேண்டாம். ரிஸ்டோர் பொயின்ட்டை அழித்தால் டி டிரைவில் இப்போது இருக்கும் கோப்பு ஒன்றும் போகாது. போவது "முந்தைய பதிப்புகள்" மட்டும். யாராவது கணக்குக் கோப்பைத் தவறாக சேவ் பண்ணியிருந்து, பழையதை அதில் இருந்து எடுக்க நினைத்திருந்தால், முதலில் எடுத்துடுங்க.

---

ராகலை_பிசி

இவ்வளவு நீளம் எதற்கு? முதல் வேலையாக சிஸ்டம் ரிஸ்டோரை ஒஃப் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு, ஸ்கேன் போடு, பிறகு ஒன் பண்ணு. எல்லா அன்டிவைரஸ் கம்பனியின் உதவிப் பக்கத்திலும் வருசக் கணக்காக இதுதான் எழுதியிருக்கும். எக்ஸ்பி காலத்தில் இருந்து இப்படித்தான் செய்றது.

---

பண்டாரவளை_நெட்

ராகலை நண்பருக்கு: எக்ஸ்பிக்கு அந்த ஆலோசனையில் நியாயம் இருந்தது. எக்ஸ்பியின் சிஸ்டம் ரிஸ்டோர் வேறு விதமாக வேலை செய்தது. குறிப்பிட்ட வகைக் கோப்பு ஒன்று, உதாரணமாக இஎக்ஸ்இ அல்லது டிஎல்எல், மாறும் முன்போ அழியும் முன்போ அதை அப்படியே கொப்பி எடுத்து, ஆர்பி என்று தொடங்கும் போல்டருக்குள் ஏ0012345 போன்ற பெயரில் வைக்கும். அன்டிவைரஸ் ஒரு வைரஸ் கோப்பை அழிக்கப் போனால், அழியும் முன் எக்ஸ்பி அதையும் பத்திரமாகக் கொப்பி எடுத்துவிடும். சுத்தம் செய்யும் வேலையே பெட்டிக்குள் வைரஸைச் சேர்க்கும். அதனால்தான் முதலில் ஒஃப் செய்யச் சொன்னார்கள். டிரைவின் 12 வீதம் வரை ஒதுக்கி, 90 நாள் வரை வைத்திருக்கும் அமைப்பு அது. பெட்டி நிறைய நாள் நிறைந்தே இருக்கும்.

இப்போதும் சுத்தம் செய்யும்போது பழைய துண்டுகள் ஷாடோ கொப்பிக்குள் போகத்தான் செய்யும். அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒஃப் செய்த அந்த நொடியே அந்த டிரைவின் எல்லா ரிஸ்டோர் பொயின்ட்டும் போய்விடும். சுத்தம் செய்யும்போது, வின்டோஸின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி உடைந்து வின்டோஸ் திறக்காமல் போனால் திரும்பிப் போக வழி இல்லை. வைரஸ் இருக்கும் ரிஸ்டோர் பொயின்ட்கூட அப்படிப்பட்ட நேரத்தில் உதவும்: மெஷினைத் திறக்கலாம், திறந்த பிறகு மீண்டும் சுத்தம் செய்யலாம். ஆகவே கொட்டகலை சொன்ன வரிசைதான் சரி. கடைசியில் அழிப்பதற்கும் முதலில் அழிப்பதற்கும் விளைவு ஒன்றே, இடையில் உள்ள ஆபத்துதான் வேறு.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு விலக்கு உண்டு. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிய நீட்சி ஏறி, எதுவும் திறக்காமல், பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடந்தால் அது ரான்சம்வெயார். அப்போது ரிஸ்டோர் பொயின்ட்டைத் தொடவே கூடாது. ரான்சம்வெயார் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று ஷாடோ கொப்பியை அழிப்பது. சில நேரம் அது முழுதாக நடக்காது. மிஞ்சிய ஒரு ஷாடோ கொப்பியில் பூட்டப்படாத வினாத்தாளும் கணக்கும் இருக்கக்கூடும். நாமே அதை அழித்தால் திருடனுக்கு மிச்ச வேலையையும் செய்து கொடுத்ததாகும். மெஷினை நெட்வேர்க்கில் இருந்து கழற்றி, முதலில் "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷாடோஸ்" கொடுத்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டளை ஹட்டன் நண்பருக்கும் பயன்படும். அட்மின் கொமாண்ட் புரொம்டில் கொடுத்தால் ஒவ்வொரு ஷாடோ கொப்பியும் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, அதன் இலக்கம் என்ன என்று வரும். டிஃபென்டர் காட்டும் "ஷாடோகொப்பி3" எந்த நாளுக்குரியது என்று இதில் தெரியும். பென் டிரைவ் வந்த நாளுக்கு முந்தியது வேறொன்று இருந்தால் அதில் இந்த வைரஸ் இருக்க வாய்ப்பில்லை. அதை வைத்துக்கொண்டு பிந்தியவற்றை மட்டும் ஐடி கொடுத்து அழிக்கலாம்: "விஎஸ்எஸ்அட்மின் டிலீட் ஷாடோஸ் /ஷாடோ=" என்று எழுதி, பட்டியலில் உள்ள ஐடியை அடைப்புக்குறியோடு ஒட்ட வேண்டும். நடுவில் ஒன்றை எடுத்தால் மற்றவை கெடாது. இரண்டு மூன்று பொயின்ட் மட்டுமே உள்ள மெஷினில் இந்தச் சிரமம் தேவையா என்பது உங்கள் விருப்பம். மாத ஆரம்பத்தில் பிரின்டர் டிரைவரை எல்லாம் சரி செய்து எடுத்த பொயின்ட் என்றால் நான் வைத்திருப்பேன்.

சிஸ்டம் ரிஸ்டோர் போட்டு வைரஸை விரட்டலாம் என்று நினைக்கவும் வேண்டாம். அது ரெஜிஸ்ட்ரியையும் புரோகிராம்களையும் பின்னுக்குக் கொண்டுபோகும், டொகியுமென்ட்களைத் தொடாது. டொகியுமென்டுக்குள்ளோ டி டிரைவிலோ பென் டிரைவிலோ உள்ளது அப்படியே கிடக்கும்.

---

ஹட்டன்_பிரின்ட்

மிக்க நன்றி. ஒஃப்லைன் ஸ்கேன் ஓடியது, ஸ்கிரிப்ட் ஒன்று ரோமிங் போல்டரில் பிடிபட்டது. ஃபுல் ஸ்கேனில் இப்போது ஷாடோ கொப்பி பாதை மட்டும்தான். சி டிரைவில் கொன்ஃபிகர், டிலீட் கொடுத்தேன். பிறகு லிஸ்ட் ஷாடோஸ் போட்டால் ஒன்று இன்னும் நிற்குது. விஎஸ்எஸ்அட்மின் மூலம் அழிக்கப் போனால் "அனுமதிக்கப்பட்ட சூழலுக்கு வெளியே உள்ளது, உருவாக்கிய பேக்அப் புரோகிராமைக் கொண்டு அழிக்கவும்" என்ற மாதிரி ஒரு செய்தி. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வின்டோஸ் 7 பேக்அப் முறையில் சிஸ்டம் இமேஜ் எடுத்திருக்கு, அதனாலா?

---

கொட்டகலை_சிஸ்டம்

இருக்கலாம், வேறொரு பேக்அப் புரோகிராம் பாதியில் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். விஎஸ்எஸ்அட்மின் எல்லா வகை ஷாடோ கொப்பியிலும் கை வைக்காது.

ஆனால் முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை இப்போதே கழற்றி வைங்க. இணையத்தில் கிடைக்கும் "டிலீட் ஷாடோஸ் /ஓல்" என்ற கட்டளையை டிரைவின் பெயர் இல்லாமல் கொடுத்தால், கோர்த்திருக்கும் எல்லா டிரைவிலும் உள்ளதை அழிக்கும். சிஸ்டம் இமேஜ் பேக்அப்பின் பழைய பதிப்புகள் அந்த வெளி டிஸ்க்கில் ஷாடோ கொப்பியாகத்தான் இருக்கு. கடைசி இமேஜ் மட்டும் மிஞ்சும். ஆகவே எப்போதும் "/ஃபார்=சி:" சேர்த்தே எழுதணும்.

பிடிவாதமாக நிற்பதை வெளியேற்ற, அதற்கு ஒதுக்கிய இடத்தைச் சுருக்கணும். "விஎஸ்எஸ்அட்மின் ரீசைஸ் ஷாடோஸ்டோரேஜ் /ஃபார்=சி: /ஒன்=சி: /மேக்ஸ்சைஸ்=400எம்பி". 400க்கும் எம்பிக்கும் இடையில் இடைவெளி விடக்கூடாது. உள்ளே இருப்பது அந்த அளவுக்குள் அடங்காவிட்டால் வின்டோஸே அதைக் கைவிடும். பிறகு லிஸ்ட் ஷாடோஸ் போட்டால் ஒன்றும் இல்லை என்று வரணும். வந்ததும் மறக்காமல் அதே கட்டளையில் 6ஜிபி என்று திரும்பப் பெருப்பிங்க. 400 எம்பியில் விட்டுவிட்டால் புதிய ரிஸ்டோர் பொயின்ட் நிற்காது. எடுத்த மாதிரி காட்டும், அடுத்த அப்டேட்டோடு காணாமல் போகும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் வோல்ஸ்னாப் (ஷாடோ கொப்பியைக் கவனிக்கும் வின்டோஸ் பகுதி) 36 என்று கிடந்தால் இதுதான் காரணம். 25 என்று கிடந்தால் வேறு கதை: டிஸ்க் வேகம் போதாமல் இடம் நேரத்துக்கு வளரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபுல் ஸ்கேனும் அப்டேட்டும் ஒன்றாக ஓடும்போது வரும்.

கடைசிச் சோதனையைத் தவற விடாதீங்க, நான் மிகவும் நம்புவது இதைத்தான். புதிய ரிஸ்டோர் பொயின்ட் எடுத்து, இரண்டு நாள் வழக்கம் போல் வேலை செய்துவிட்டு, மறுபடி ஃபுல் ஸ்கேன். ஷாடோ கொப்பி பாதையில் வைரஸ் வந்தால், அந்தப் புதிய பொயின்ட் எடுத்த நேரத்தில் ஓடுகிற சிஸ்டத்திலேயே அது இருந்திருக்கு. அதாவது சுத்தம் முடியவில்லை, ரிஸ்டோர் பொயின்ட்டை எத்தனை முறை அழித்தாலும் திரும்பத்தான் வரும். புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பழைய வரி கொஞ்ச நாள் நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க, வரியின் திகதியைப் பாருங்க.

---

மிஸ்_பூண்டுலோயா

இடையில் ஒரு கேள்வி. பாடசாலை பென் டிரைவ்களிலும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற போல்டர் தெரிகிறது. அழித்தாலும் அடுத்த முறை கோர்த்ததும் வந்துவிடுகிறது. இதுவும் வைரஸா? வினாத்தாள் போல்டர்கள் மறைந்த பென் டிரைவை ஃபோர்மட் பண்ணாமல் மீட்க முடியுமா?

---

பண்டாரவளை_நெட்

மிஸ், அது வைரஸ் இல்லை. வின்டோஸ் 8க்குப் பிறகு வந்த பதிப்புகள் பென் டிரைவைக் கோர்த்ததும் அதை உருவாக்குகின்றன. உள்ளே தேடல் அட்டவணைக்கான அடையாள இலக்கமும் டபிள்யூபிசெட்டிங்ஸ் என்ற சிறு கோப்பும் இருக்கும், இரண்டும் மிகச் சிறியவை. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள பென் டிரைவில் ரிஸ்டோர் பொயின்ட் உருவாகாது, அதற்கு என்டிஎஃப்எஸ் வேண்டும். ஆகவே பென் டிரைவின் அந்த போல்டரை அழித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் அதன் பெயரில் ஒரு ஷோர்ட்கட்டோ, அதற்குள் இஎக்ஸ்இ அல்லது விபிஎஸ் கோப்போ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மறைந்தவை அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. சுத்தமான மெஷினில் கோர்த்து, எதையும் இரட்டைக் கிளிக் செய்யாமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வின்டோஸ் 7 முதல் பென் டிரைவில் ஆட்டோரன் தானாக ஓடுவதில்லை, எனவே பொதுவாகக் கோர்த்ததாலேயே தொற்றாது. போலி ஷோர்ட்கட்டைத் திறந்தால்தான் தொற்றும். போல்டர் படத்தின் மூலையில் சிறு அம்பு இருந்தால் அது போல்டர் இல்லை.

பிறகு பென் டிரைவ் ஈ என்று வந்திருந்தால், கொமாண்ட் புரொம்டில் "அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி ஈ:\*.*" என்று கொடுங்கள். எழுத்து சரியா என்று இரண்டு முறை பாருங்கள். ஈக்குப் பதில் சி என்று கொடுத்தால் வின்டோஸின் மறைவான கோப்புகளின் அடையாளம் எல்லாம் கலைந்துவிடும். சில நேரம் வினாத்தாள்கள் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளப்பட்டிருக்கும், அதைத் திறந்தால் எல்லாம் இருக்கும். டொகியுமென்ட்களை மட்டும் மெஷினில் எடுத்து வைத்து, பென் டிரைவை ஃபோர்மட் செய்து, திரும்பப் போடுவதே சுத்தமான வேலை.

அச்சடிக்கக் கொடுத்தனுப்ப மட்டும் என்றால், லொக் பொத்தான் உள்ள எஸ்டி கார்ட் அடப்டர் பயன்படும். பூட்டிய கார்டில் கடையின் வைரஸ் எழுத முடியாது. கார்ட் ரீடர் அந்த லொக்கை மதிக்கிறதா என்று முதலில் ஒரு கோப்பை எழுதிப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்தால் பாமினி எழுத்துரு இல்லாத இடத்திலும் எழுத்து உடையாமல் வரும்.

---

ஹட்டன்_பிரின்ட்

ரீசைஸ் பண்ணியதும் போய்விட்டது, 6 ஜிபிக்குத் திரும்ப வைத்துப் புதிய பொயின்ட்டும் எடுத்தாச்சு. இனி வின்டோஸ் 7 மெஷின். அதில் அன்டிவைரஸ் காட்டும் பெயர் சாலிட்டி. டி டிரைவில் உள்ள பிரின்டர் செட்அப் கோப்பு முதற்கொண்டு நூற்றுக்கணக்கில் காட்டுது. சேஃப் மோடுக்குப் போனால் நீலத் திரை வந்து நின்றுவிடுது. அதே முறையில் செய்யலாமா?

---

கொட்டகலை_சிஸ்டம்

இல்லை. இது வேறு இனம். ஷோர்ட்கட் வைரஸ் தனிக் கோப்பாக இருக்கும், எடுத்தால் போச்சு. சாலிட்டி, விருட், ராம்னிட் மூன்றும் நல்ல இஎக்ஸ்இ கோப்புகளின் உடலுக்குள்ளேயே புகும். சாலிட்டி சேஃப் மோடுக்குரிய ரெஜிஸ்ட்ரி பகுதியையும் அழிக்கும், உங்கள் நீலத் திரை அதனால்தான். சுத்தம் பண்ணும் கருவிகள் இருக்கு, ஆனால் நூற்றுக்கணக்கான இஎக்ஸ்இயில் சில அரைகுறையாகச் சரியாகும், தவறிய ஒன்று ஓடினால் மறுபடி எல்லாம் தொற்றும். ரிஸ்டோர் பொயின்ட்டை அழிப்பதா வைப்பதா என்ற பேச்சுக்கே இடம் இல்லை. சி டிரைவை அழித்துப் புதிதாகப் போடுங்க.

வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 4 ஜிபி ரேம் ஏறும் மெஷின், பிரின்டருக்கு டிரைவரும் கிடைக்குது என்றால் மேலே போங்க. வின்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14 உடன் சாதாரண ஆதரவு முடிந்தது என்பதையும் கணக்கில் எடுங்க. 7இலேயேதான் இருக்கணும் என்றால் அதை இன்டர்நெட்டில் இருந்தும் பென் டிரைவில் இருந்தும் பிரித்து, பிரின்ட் எடுக்க மட்டும் வைங்க.

இன்ஸ்டோல் பண்ணும் பென் டிரைவை மற்ற மெஷினில், சுத்தம் உறுதியான பிறகு தயார் பண்ணுங்க. சாலிட்டி உள்ள மெஷினில் தயாரித்தால் அதுவும் தொற்றும்.

அழிக்கும் முன் எடுக்க வேண்டியது: வேர்ட், எக்செல், பிடிஎஃப், படங்கள். எந்த இஎக்ஸ்இயும் எஸ்சிஆரும் (ஸ்கிரீன்சேவர் கோப்பு) வேண்டாம், பிரின்டர் செட்அப்பும் வேண்டாம், அதைக் கம்பனித் தளத்தில் இருந்து புதிதாக இறக்குங்க. ராம்னிட் என்றால் எச்டிஎம்எல் கோப்பையும் விடணும். எல்லாரும் மறப்பது எழுத்துரு. சி டிரைவில் வின்டோஸ், ஃபொன்ட்ஸ் போல்டரில் இருக்கும் பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் கொப்பி எடுங்க. பாமினி யூனிகோட் இல்லை. அது இல்லாத மெஷினில் பழைய வினாத்தாளைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

டேட்டா குறைவு என்றதால்: டிஃபென்டரின் வைரஸ் அடையாளத் தொகுப்பைத் தனிக் கோப்பாக மைக்ரோசொஃப்ட் தருது, 100 எம்பிக்கு மேல் வரும். ஒரு மெஷினில் இரவு டேட்டாவில் இறக்கினால், வின்டோஸ் 10 ஓடும் மற்ற மெஷின்களுக்கும் அதே கோப்பு போதும். 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் கோப்பு வேறு. மைக்ரோசொஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் நல்லது, ஆனால் இறக்கி 10 நாளில் காலாவதியாகும், சேமித்து வைத்துப் பயனில்லை.

இன்ஸ்டோல் திரையில் சி பகுதியை ஃபோர்மட் மட்டும் பண்ணாமல் டிலீட் பண்ணிப் புதிதாக உருவாக்குங்க. முன்னால் 100 எம்பி அளவில் சிஸ்டம் ரிசேர்வ்ட் என்று ஒரு துண்டு இருந்தால் அதையும் சேர்த்து. டி பகுதியைத் தொடாதீங்க. சி போனதோடு அதன் ரிஸ்டோர் பொயின்ட்கள் எல்லாம் போகும். டியுடையவை போகாது, அதற்கென்று தனி சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் இருக்கு. ஆகவே புதிய வின்டோஸில் டி டிரைவைத் திறக்கும் முன் அன்டிவைரஸை அப்டேட் பண்ணி, டியை முழுதாக ஸ்கேன் பண்ணி, அதில் மிஞ்சும் இஎக்ஸ்இ எல்லாவற்றையும் அழியுங்க. பிறகு சிஸ்டம் புரொடெக்ஷனில் டியைத் தெரிவு செய்து கொன்ஃபிகர், டிலீட். அடுத்து அதே இடத்தில் டிக்குப் புரொடெக்ஷன் ஒஃப் என்றே விடுங்க. வினாத்தாளுக்கும் கணக்குக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை கொப்பி எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்தால் போதும்.